இரண்டு கொக்குவில்: ஒரு புல் ரிக்குவெஸ்ட் மோதிய கதை

“அண்ணா, ரெண்டு பக்கமும் ஒண்டுதான். பிறகேன் இது சண்டை பிடிக்குது?”

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. தம்பி லப்டொப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். திரையில் இருந்தது இதுதான்:

<<<<<<< ஹெட்
"கொடிகாமம்",
"கொக்குவில்",
"கோண்டாவில்",
=======
"கொடிகாமம்",
"கொக்குவில்",
"கோண்டாவில்",
>>>>>>> வடபாதைப் பெயர்த் திருத்தம்

மேலே மூன்று ஊர், கீழே அதே மூன்று ஊர். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒத்துத்தான் போகிறது. கோப்புகளில் யார் எதை மாற்றினார்கள் என்று கணக்கு வைத்து ஒன்றுசேர்க்கும் கிட் என்ற மென்பொருள் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது.

இது அவருடைய இரண்டாவது முயற்சி. முதல் முயற்சியில் ஒரு பிழையான தீர்வை அனுப்பி, முன்பின் தெரியாத ஒருவரின் வேலையை அழித்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார். என்ன நடந்தது என்பதை முதலிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பெடியள், பிள்ளைகள் பலர் இப்போது திறந்த மூலத் திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். தமிழ்க் கோப்புகளில் கை வைப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் எப்போதாவது வந்தே தீரும்.

மாமாவின் பட்டியல்

செயலியின் பெயர் இங்கே தேவையில்லை. இலங்கை ரயில் நேரங்களை இணையம் இல்லாமலும் பார்க்க உதவும் சின்னச் செயலி. நாலைந்து பேர் ஓய்வு நேரத்தில் பராமரிக்கிறார்கள். 1990 இல் நின்றுபோன எங்கள் ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்ப வந்தது. தம்பியின் வயதுக்காரருக்கு அது பழைய கதை. அவர் கொக்குவிலில் ஏறி இறங்கும் ஆள். செயலியில் தன் ஊரைத் தேடினால் வரவில்லை. பட்டியலை உருட்டிப் பார்த்தால் “கொகுவில்” என்று இருந்தது.

யாரோ ஆங்கில எழுத்தை வாசித்து ஒலிபெயர்த்திருக்கிறார்கள். கோண்டாவில் “கொண்டாவில்” ஆகியிருந்தது, இணுவில் “இனுவில்”, கொடிகாமம் “கொடிகமம்”, பளை “பள்ளை”. வடக்குப் பாதைக்கு 58 வரிகளில் ஒரு தனிக் கோப்பு, ஆங்கில அகரவரிசையில். இது திருத்தப்பட வேண்டியது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது.

தம்பியின் மாமா நகரில் அச்சக வேலை செய்பவர். கலியாணக் கார்ட்டும் அந்தியேட்டி மலரும் அடித்து அடித்து, ஊர்ப்பெயர்களில் அவர் பிழை விடமாட்டார். கொடிகாமம் முதல் காங்கேசன்துறை வரை அவரே பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டித் தந்தார். தம்பி அதை ஒரு எழுத்துரு மாற்றியில் போட்டு யுனிகோட் ஆக்கி, கோப்பில் ஒட்டினார். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு இங்கேதான் விழுந்தது.

அப்புறம் வழக்கமான வேலை: செயலியின் கோப்புகள் இருக்கும் களஞ்சியத்தைத் தன் கணக்குக்கு ஃபோர்க் செய்து (நகலெடுத்து), மெயின் என்ற முதன்மைக் கிளையிலிருந்து பிரித்துப் புதிதாக ஒரு கிளை எடுத்து, மாற்றத்தைப் பதிந்து கொமிட் போட்டு, அதைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டுப் புல் ரிக்குவெஸ்ட் திறந்தார். முதல் பதில் அன்றிரவே வந்தது. “11 பெயரைத் திருத்தியதாகச் சொல்கிறீர்கள், 58 வரியும் மாறியிருக்கிறதே?” அவருடைய எடிட்டர் வரிமுடிவுகளை வின்டோஸ் முறைக்கு மாற்றிச் சேமித்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒட்டிக்கொண்டதால், கிட்டின் பார்வையில் ஒவ்வொரு வரியும் புது வரி. அதைச் சரிசெய்ய அரை மணி நேரம் போதும், செய்தார். அனுப்புமுன், என்ன மாறியது என்று காட்டும் கிட் டிஃப் போட்டு ஒருமுறை பார்த்திருந்தால் அந்த அரை மணியும் தப்பியிருக்கும்.

அதன்பிறகு 19 நாள் ஒரு சத்தமும் இல்லை.

புதிதாக வருபவர்கள் இந்த மௌனத்தில்தான் மனம் விடுகிறார்கள். பெயரையே பாருங்கள்: புல் ரிக்குவெஸ்ட். “என் பக்கத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது, விரும்பினால் இழுத்துக்கொள்ளுங்கள்” என்ற வேண்டுகோள், அவ்வளவுதான். 2005 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் இயங்குதளக் கருவின் வேலைக்காகக் கிட்டை எழுதியபோது இப்படி ஒரு பொத்தான் கிடையாது. வேண்டுகோள்கள் மின்னஞ்சலில்தான் போயின, கருவின் வேலை இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. 2008 இல் கிட்ஹப் வந்த பிறகு அது பொத்தான் ஆகி எல்லோர் கைக்கும் எட்டியது. இழுப்பதா விடுவதா என்று முடிவெடுக்கும் ஆள் பகலில் வேறு வேலை செய்கிறார். ஒரு கிழமை கழித்து மரியாதையாக ஒருமுறை நினைவூட்டலாம். தம்பி கூச்சப்பட்டு அதையும் செய்யவில்லை.

அந்த 19 நாளுக்குள் டொராண்டோவில் இருக்கும் ஒருவர், தெல்லிப்பழைக்காரர், அதே கோப்பில் அதே பெயர்களைத் திருத்தி அனுப்பியிருந்தார். கூடவே பளை, முறிகண்டி, புளியங்குளம் மூன்றையும் சரிசெய்து, தேடலுக்கு ஒரு சோதனையும் எழுதியிருந்தார். பராமரிப்பாளர் அதை முதலில் எடுத்துவிட்டார். தம்பியின் பக்கத்தில் சாம்பல் நிறப் பெட்டி வந்தது: இந்தக் கிளையில் மோதல்கள் உள்ளன.

“தெயர்ஸ் எண்டால் அவையின்ரைதானே?”

மோதல் என்ற சொல் ஆளைப் பயப்படுத்துகிறது. கிட் செய்வது சாதாரண வேலை. இரண்டு கிளையும் பிரிந்த இடத்தில் கோப்பு எப்படி இருந்தது என்று முதலில் பார்க்கும். அதற்குப் பேஸ் என்று பெயர். பிறகு ஒவ்வொரு துண்டாக மூன்றையும் ஒப்பிடும்: பேஸ், உங்கள் பக்கம், மற்றப் பக்கம். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் அந்த மாற்றத்தை எடுக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாறியிருந்தால் சத்தமில்லாமல் ஒன்றை எடுக்கும். இரண்டும் வெவ்வேறாக மாறியிருந்தால்தான் குறியைப் போட்டு உங்களைக் கூப்பிடும்.

தம்பியும் டொராண்டோக்காரரும் “இனுவில்” என்பதை “இணுவில்” ஆக்கியிருந்தார்கள். மல்லாகம், சுன்னாகம் திருத்தங்களும் அப்படியே. அங்கெல்லாம் மோதல் இல்லை. பளை, முறிகண்டி, புளியங்குளம் மூன்றிலும் தம்பி கை வைக்கவே இல்லை, அங்கும் மோதல் இல்லை. இரண்டே இடத்தில்தான் குறி விழுந்தது. ஒன்று மேலே காட்டிய மூன்று ஊர். ஆங்கில வரிசையில் அவை அடுத்தடுத்து வருவதால் ஒரே துண்டாகிவிட்டன. மற்றது தெல்லிப்பழை, அதைப் பிறகு சொல்கிறேன்.

திட்டத்தின் வழிகாட்டியில் “மேர்ஜ் வேண்டாம், ரீபேஸ் செய்து அனுப்புங்கள்” என்று இருந்தது. மேர்ஜ் இரண்டு கிளையையும் ஒன்றாக இணைக்கும். ரீபேஸ் உங்கள் கொமிட்டுகளை எடுத்து மெயின் கிளையின் புதிய நுனிக்கு மேல் திரும்ப வைக்கும். தம்பி ரீபேஸ் தொடங்கினார். மோதல் வந்து நின்றது. தனக்கு முன் ஒருவர் செய்த வேலை மெயின் கிளைக்குள் போய்விட்டது, தான் விட்டுக்கொடுப்பதுதான் முறை என்று நினைத்தார். நல்ல பிள்ளை. “தெயர்ஸ்” என்ற தெரிவை முழுக் கோப்புக்கும் கொடுத்து, ரீபேஸைத் தொடர்ந்து, கட்டாயப் புஷ் செய்து (இணையத்தில் இருந்த தன் கிளையை அதனால் மாற்றியெழுதி), லப்டொப்பை மூடிவிட்டுப் படுத்துவிட்டார்.

காலையில் இரண்டு செய்தி காத்திருந்தது. ஒன்று தானியங்கிச் சோதனையிலிருந்து: எதிர்பார்த்தது “கொக்குவில்”, கிடைத்தது “கொக்குவில்”, தோல்வி. மற்றது டொராண்டோக்காரரிடமிருந்து: “வணக்கம். பளை, முறிகண்டி, புளியங்குளம் மூன்றும் உங்கள் மாற்றத்தில் பழைய பிழைக்கே திரும்பிவிட்டன. தெரிந்து செய்ததா?”

கடையில் இதைச் சொல்லும்போது தம்பியின் முகம் இன்னும் தெளியவில்லை. “தெயர்ஸ் எண்டால் அவையின்ரைதானே அண்ணா? நான் அவையின்ரையைத்தானே எடுத்தனான்?”

இல்லை. கிட்டில் பலர் தடுக்கி விழும் இடம் இது, நானும் விழுந்திருக்கிறேன். மேர்ஜ் செய்யும்போது நீங்கள் நிற்பது உங்கள் கிளையில். அங்கே “அவர்ஸ்” (ஆங்கிலத்தில் ‘எங்களுடையது’) உங்களுடையது, “தெயர்ஸ்” வந்து சேர்வது. ரீபேஸில் நிலைமை தலைகீழ். கிட் முதலில் மெயின் கிளையின் நுனிக்குப் போய் நின்றுகொள்ளும். பிறகு உங்கள் கொமிட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அதன் மேல் வைக்கும். ஆகவே அந்த நேரத்தில் “அவர்ஸ்” என்பது மெயின் கிளை, “தெயர்ஸ்” என்பது வெளியிலிருந்து வந்து சேரும் உங்கள் சொந்தக் கொமிட். விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைத்துத் தம்பி தன்னுடையதையே திணித்துவிட்டார்.

இன்னொரு பிழையும் அதற்குள் இருந்தது, என் கணக்கில் அதுதான் பெரியது. முழுக் கோப்புக்கும் ஒரு பக்கத்தைத் தேர்ந்தால், மோதிய வரிகள் மட்டும் மாறுவதில்லை. கிட் தானாகவே ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்த வரிகளும் போய்விடும். பளையும் முறிகண்டியும் புளியங்குளமும் போனது அப்படித்தான். அவற்றில் மோதலே இருக்கவில்லை.

“நீர் ஒருத்தற்றை வேலையையும் எரிக்கேல்லை,” என்றேன். “அவற்றை கொமிட் மெயினிலை அப்பிடியே கிடக்கு. உம்மடை பழைய கொமிட்டும் எங்கையும் போகேல்லை.” கிட் ரெஃப்லொக் போட்டுக் காட்டினேன். கிளையின் நுனி எங்கெங்கே நின்றது என்ற தடம் முழுக்க அதில் இருக்கும். எந்தக் கிளையும் தொடாத கொமிட்டின் தடமும் வழமையான அமைப்பில் 30 நாளைக்குப் போகாது. ரீபேஸுக்கு முன்னைய இடத்தைப் பிடித்து, அங்கிருந்து ஒரு புதுக் கிளை எடுத்தோம். தம்பி அப்போதுதான் தேத்தண்ணியில் கை வைத்தார். அது ஆறிவிட்டிருந்தது.

30 பைட், 33 பைட்

மறுபடி ரீபேஸ், மறுபடி அதே மோதல். நீங்கள் தொடக்கத்தில் பார்த்த திரை இதுதான்.

முதலில் மோதல் காட்டும் முறையை டிஃப்3 என்று மாற்றினேன். அப்போது இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மூன்றாவதாகப் பேஸும் தெரியும். “கொடிகமம், கொகுவில், கொண்டாவில்” என்று நடுவில் வந்தது. சரி, இருவரும் திருத்தியிருக்கிறார்கள், ஒரே சொல்லாகத்தான் திருத்தியிருக்கிறார்கள். இதைக் கிட் சத்தமில்லாமல் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. என்றால் இரண்டும் ஒரே சொல் இல்லை.

வரிக் கடைசியில் வெற்றிடம் ஏதாவது? இல்லை. வரிமுடிவு? அது முன்பே சரிசெய்தாயிற்று. பிறகு மேலே உள்ள கொக்குவிலை மட்டும் ஒரு கோப்பிலும், கீழே உள்ள கொக்குவிலை இன்னொரு கோப்பிலும் போட்டு, கணினி எழுத்தைச் சேமிக்கும் சின்ன அலகான பைட்டை எண்ணினோம். மேலது 30. கீழது 33.

தம்பி ஒன்றும் பேசவில்லை. நான் சிரித்துவிட்டேன், எனக்குப் பிடிபட்டுவிட்டது.

யுனிகோட் எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட். கொக்குவில் என்பதை க, ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி, வ, இகரக் குறி, ல, புள்ளி என்று எண்ணினால் 10 குறி, 30 பைட். கீழே உள்ளதில் 11 குறி. கூடுதலாக வந்த ஒன்று எது? “கொ” என்பதில் க-வுக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஓர் அரவும் இருக்கின்றன அல்லவா? யுனிகோடில் அந்த இரண்டையும் சேர்த்து ஒரே குறியாக எழுதலாம், அதன் எண் 3018. அல்லது கொம்பைத் தனியாக 3014, அரவைத் தனியாக 3006 என்று இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்றே யுனிகோட் சொல்கிறது, திரையில் ஒரே வடிவம்தான் வரும். கிட் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைப் பார்க்கிறது. அதற்கு இவை இரண்டு வேறு வரிகள்.

பாமினியில் கொம்பும் அரவும் தனித்தனி விசைகள். பழைய அச்செழுத்துப் பழக்கம் அது. மாமா அப்படித்தான் தட்டினார், அதில் ஒரு பிழையும் இல்லை. மாற்றியோ கொம்பை க-வுக்குப் பின்னால் நகர்த்தியதோடு நின்றுவிட்டது. கொம்பையும் அரவையும் ஒட்டி ஒரே குறி ஆக்கவில்லை. டொராண்டோக்காரர் கைபேசியில் தட்டியிருக்கிறார், அங்கே ஒட்டிய குறிதான் வந்திருக்கிறது. இணுவில், மல்லாகம், சுன்னாகம் எதிலும் இந்த வகை எழுத்து இல்லாததால் அவை மோதவில்லை. கொடிகாமம், கொக்குவில், கோண்டாவில் மூன்றிலும் இருக்கிறது. சும்மா இல்லை, “கோப்பு” என்ற சொல்லிலும் “மோதல்” என்ற சொல்லிலும்கூட இருக்கிறது.

இது கிட்டுக்கு மட்டுமான தொல்லை என்றால் விட்டுவிடலாம். செயலியின் தேடலும் பைட்டைத்தான் ஒப்பிட்டது. கைபேசியில் ஒருவர் கொக்குவில் என்று தட்டினால் 30 பைட் போகும், பட்டியலில் 33 பைட் இருந்தால் “நிலையம் இல்லை” என்று வரும். தம்பியின் திருத்தம் முதலிலேயே ஏற்கப்பட்டிருந்தால், பெயர் சரியாகத் தெரியும், தேடினால் மட்டும் கிடைக்காது. பழைய பிழையாவது கண்ணுக்குத் தெரிந்தது. அந்த 19 நாள் தாமதம் நல்லதாகப் போயிற்று என்று தம்பியிடம் சொன்னேன். அவர் ரசிக்கவில்லை.

“கௌ”வைக் “கெள” என்று எழுதுவது இதைப் போலத் தெரிந்தாலும் வேறு சங்கதி. அங்கே கடைசியில் நிற்பது உண்மையான ள என்ற எழுத்து, யுனிகோட் கணக்கில் சமமும் இல்லை. பிரிந்த குறிகளை ஒட்டி ஒழுங்காக்கும் எந்தக் கருவியும் அதைத் திருத்தித் தராது, ஆள்தான் பார்க்க வேண்டும். பௌர்ணமியைப் பலர் எப்படித் தட்டுகிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இந்த மூன்று வரிக்கும் மேலே உள்ள பக்கத்தை வைத்துக்கொண்டோம். இந்த முறை கையால், வரி வரியாக, குறிகளை அழித்து.

ழையா, ளையா

இரண்டாவது மோதல் நேர்மாறானது. இங்கே வேறுபாடு கண்ணுக்கு நன்றாகவே தெரிகிறது, யார் சரி என்றுதான் தெரியவில்லை. மாமா “தெல்லிப்பளை” என்று எழுதியிருந்தார். டொராண்டோக்காரர் “தெல்லிப்பழை”. இரண்டும் எங்கள் ஊரில் புழங்குகிற எழுத்துத்தான். பெயர்ப்பலகைகளில், கடிதத் தலைப்புகளில், கோயில் நோட்டீசுகளில் இரண்டையும் காணலாம். மாமாவைத் தொலைபேசியில் கேட்டால் “நாங்கள் இப்பிடித்தான் அடிக்கிறனாங்கள்” என்பார். அந்த ஊரில் பிறந்தவரைக் கேட்டால் அவருக்கும் ஒரு நியாயம் இருக்கும்.

தம்பிக்கு முன்பு நடந்தது நினைவில் இருந்தது. “அவற்றையை விடுவம் அண்ணா, பிறகு பிரச்சினை வேண்டாம்.” எனக்கு அது பிடிக்கவில்லை. பயத்தில் விட்டுக்கொடுப்பதும் பாராமல் ஒரு பக்கத்தைத் தேர்வதுதான். மோதல் உள்ள வரியை மற்றவர் ஏன் மாற்றினார் என்று தெரியாவிட்டால் அவரிடமே கேட்கலாம், அவர் அங்கேயே இருக்கிறார். தம்பி எழுதினார்: “வணக்கம் அண்ணா. முதலில் உங்கள் மூன்று திருத்தங்களையும் தவறுதலாக அழித்ததற்கு மன்னிக்கவும், ரீபேஸில் பக்கம் மாறிவிட்டது. தெல்லிப்பழை, தெல்லிப்பளை இரண்டும் இங்கே எழுதப்படுகின்றன. எதைத் தேடினாலும் கிடைக்கும்படி செய்யலாமா?”

பதில் அடுத்த நாள் வந்தது. “தம்பி, பிழை எல்லாருக்கும் வாறதுதான். அம்மா ளை எண்டுதான் எழுதுவா, நான் பள்ளிக்கூடத்திலை ழை படிச்சனான். ரெண்டையும் போடுவம்.” நிலையப் பெயர்களுக்கு மாற்றுப்பெயர்ப் புலம் ஒன்று செயலியில் ஏற்கெனவே இருந்ததைப் பராமரிப்பாளர் சுட்டிக்காட்டினார். முதன்மைப் பெயராகத் தெல்லிப்பழை, மாற்றுப்பெயராகத் தெல்லிப்பளை. அவர் வரியும் இல்லை, எங்கள் வரியும் இல்லை, மூன்றாவதாக ஒரு வரி.

திரும்ப அனுப்பியது

மோதல் தீர்ந்த பிறகு பார்த்தால் தம்பியின் முதல் வேண்டுகோளில் மிஞ்சியது மிகக் கொஞ்சம். பெயர்களில் பெரும்பாலானவை மெயினில் ஏற்கெனவே திருந்திவிட்டன. டொராண்டோக்காரர் கவனிக்காத நாவற்குழியும் மீசாலையும், தெல்லிப்பளை மாற்றுப்பெயரும், மொத்தம் மூன்று வரி. தம்பிக்குச் சற்றுச் சோர்வுதான். அனுப்புமுன் சோதனையைத் தன் கணினியிலேயே ஓட்டி, மெயினோடு ஒப்பிட்டு டிஃப் பார்த்து, மூன்று வரி மட்டுமே மாறியிருப்பதை உறுதிசெய்தார். இந்த முறை வெறும் கட்டாயப் புஷ்ஷுக்குப் பதிலாக “வித் லீஸ்” சேர்த்தார். இடையில் வேறு யாராவது அந்தக் கிளையில் எதையாவது போட்டிருந்தால் அது மறுத்துவிடும். அன்றே ஏற்றுக்கொண்டார்கள்.

கொம்பு அரவு விடயத்தை நான் அதே வேண்டுகோளில் சேர்க்க விடவில்லை. அதைத் தனியாக, இரண்டாவது புல் ரிக்குவெஸ்டாகத் திறந்தார்: பெயர்க் கோப்பில் பிரிந்த குறி இருந்தால் சோதனை அதை எண்ணோடு காட்டித் தோற்க வேண்டும், தேடுபவர் தட்டும் சொல்லையும் ஒப்பிடுமுன் ஒழுங்காக்க வேண்டும். பைத்தனில் அதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது, எழுதியது பத்து வரிக்குள். விளக்கத்தில் “30 பைட், 33 பைட்” கதையை நாலு வரியில் சொல்லியிருந்தார். “எதிர்பார்த்தது கொக்குவில், கிடைத்தது கொக்குவில்” என்ற சோதனை வெளியீட்டையும் ஒட்டியிருந்தார். பராமரிப்பாளர் ஒருவர் சிங்களம் எழுதுபவர். சிங்களத்திலும் ஒகர உயிர்க்குறியை ஒன்றாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம் என்பதைச் சுட்டி, சோதனையை இரண்டு மொழிக்கும் விரிக்கச் சொன்னார். ஓட்டிப் பார்த்தபோது சிங்களக் கோப்பிலும் நாலு பெயர் பிடிபட்டது.

அது இன்னும் திறந்துதான் கிடக்கிறது. நேற்று மெயினில் யாரோ பெயர்க் கோப்புகளின் வரிசையை மாற்ற, அதிலும் மோதல். எனக்கு இரவு ஒரு செய்தி வந்தது:

“அண்ணா, பேஸைப் பாத்திட்டன். அவர் வரிசையைத்தான் மாத்தியிருக்கிறார், எழுத்திலை கை வைக்கேல்லை. ஏனெண்டு கேட்டு எழுதிப்போட்டன். பதில் வரட்டும், பிறகு ரீபேஸ் செய்யிறன். மாமாவுக்கு வேறை மாற்றி ஒண்டு தேடிக் குடுக்கோணும், தெரிஞ்சால் சொல்லுங்கோ.”